கதவு திறப்பவர்

இன்னும் வெளிவராத படமொன்றின் பின்னணி இசை ஆல்பத்தை, விமர்சனம் எழுதுவதற்காகக் கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் சிதம்பரத்தில் ஒரு தியேட்டரின் கதவு பார்ப்பவராம். தூக்கம் கெட்ட கண்கள், மடியில் சாப்பாட்டுப் பை. இயர்போனில் ஒன்றை அவர் காதுக்குக் கொடுத்தேன்.

வயலின்களும் டிரம்பெட்டுகளும் ஒன்றாக எழும்பியதும் சட்டென்று எழுந்தார். என் காதிலிருந்ததும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டது.

"புதுச்சத்திரமே வரல, ஒக்காருங்க மாமா," என்றார் கண்டக்டர்.

"பழக்கம் சார். இப்புடி வாசிச்சா படம் முடியப்போவுதுனு கதவத் தொறந்துடுவேன்."

அடுத்த டிராக்கிலும் எழுந்தார். அதற்கடுத்ததில் இயர்போனைக் கழற்றிவிட்டார்.

"எத்தினி தடவ சார் முடியும் இந்தப் படம்?"

விமர்சனக் குறிப்பில் 'பிரமாண்டம்' என்று எழுதியிருந்தேன். அழிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு முந்தைய நிறுத்தத்தில் அவர் இறங்கிய பிறகு வந்த கடைசி டிராக்கில் ஒற்றை வயலின் மெல்ல முனகி அடங்கியது. படம் அவர் தியேட்டருக்கு வந்தால் கதவை எப்போது திறப்பார்?