கேட் குழாய்க்குள் பாஸ்புக்

அப்பா வெல்டர். கோபம் வந்தால் மற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள். அவர் வெல்டு வைத்தே அடைத்துவிடுவார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வங்கி திவாலானபோது அதுதான் நடந்தது. அம்மா தையல் கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதில் இருந்தது. அப்பா மூன்று நாள் வரிசையில் நின்றார். அந்த வங்கியின் இரும்பு கேட்டைச் செய்து மாட்டியதும் அவர்தான். "நான் அடிச்ச கேட்டுக்கே நான் வெளிய நிக்கிறேன், பாத்துக்க" என்றார். ஆறு மாதத்தில் பணம் தருவதாகச் சொல்லி ஒரு தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதோடு சரி.

பாஸ்புக்கைக் கிழிக்க அம்மா விடவில்லை. அதை வீட்டுக்குள் வைக்க அப்பா விடவில்லை. கடைசியில் எங்கள் வாசல் கேட்டின் சதுரக் குழாய்க்குள் போட்டு இரண்டு முனையையும் தகடு வைத்து அடைத்தார். "இரும்பு ஏமாத்தாது" என்றார். எனக்குத் தெரிந்து பாஸ்புக்குக்கு வெல்டு வைத்த ஒரே மனிதர் இவர்தான்.

இந்த வருஷம் யாரும் வீடு கட்டவில்லை, கேட் வேலையும் வரவில்லை. அப்பாவின் பட்டறைக்கு மூன்று மாத வாடகை பாக்கி. மாதக் கடைசிக்குள் தராவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான், மூடிய வங்கியில் பணம் போட்டவர்களுக்கு அரசாங்கமே திருப்பித் தரும், பாஸ்புக்கோடு வரவேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அப்பா அசையவில்லை. "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?"

பாஸ்புக்கைக் காட்டக் கடைசி நாள், எட்டாம் தேதி. மதியம் இரண்டு மணி. ஐந்து மணிக்கு அரசாங்கக் கவுண்டரை மூடிவிடுவார்கள். அம்மா இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு கேட்டின் முன்னால் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தாள். கோணல்மாணலாக. அப்பாவால் எதையும் தாங்க முடியும், கோணல் வேலையைத் தாங்க முடியாது.

"அறுக்கத் தெரியாம அறுக்காத. இப்படிக் குடு."

பாஸ்புக் உள்ளே எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ, கேஸ் கட்டர் நெருப்பு பட்டால் சாம்பலாகிவிடும். கையால்தான் அறுக்க வேண்டும். இரண்டு பிளேடு உடைந்தது. மூன்றாவது பிளேடு குழாயை அறுத்துக்கொண்டு பாஸ்புக்கிலும் இறங்கிவிட்டது. கணக்கு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தூளாய்ப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலே முக்காலுக்குக் கவுண்டரில் நின்றோம். அலுவலர் என் வயதுப் பெண். வெட்டுப்பட்ட பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இது எப்படி ஆச்சு?"

அம்மா நடந்ததைச் சொன்னாள்.

"பழைய லெட்ஜர்ல பேரை வச்சுத் தேடிக்கலாம். ஆனா யார் வெட்டினாங்களோ அவங்க அதை எழுதிக் கையெழுத்துப் போடணும்."

அப்பா பேனாவைத் தொடவில்லை. "போட மாட்டேன். நாளைக்கு இதையே காட்டித் துரத்துவாங்க. ஒரு கையெழுத்துக்கே ஒம்போது வருஷம் போச்சு."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. பின்னால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள்.

"என்னங்க," அம்மா பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள், "காசு என்னுது. வெல்டு உங்களுது. உங்க வேலைக்கு நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

அப்பா போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டார். அந்தப் பெண் முத்திரை குத்தி, நகல் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

அதன்பிறகு பதினெட்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இருபத்தாறாம் தேதி, இதற்காக அரசு வங்கியில் அம்மா தொடங்கியிருந்த புதுக் கணக்கில் பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தது. அப்பா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.

மறுநாள் மூவரும் அந்த வங்கிக்குப் போனோம். அம்மா பத்து நோட்டு எடுத்தாள், எண்ணினாள், அதே கவுண்டரில் திரும்ப நீட்டினாள்.

காசாளர் குழம்பிப்போனார். "இப்பதானேம்மா எடுத்தீங்க? எதுக்கு?"

"கேட்டா குடுப்பீங்களான்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற அப்பா குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவை கேட்டுப் பாரு" என்றார்.