கந்தம்மாளின் கலப்பில்லாத பால்

"நில்லுடி, ஒனக்கு மட்டுந்தான் குளிருதா?" என்று செவலைப் பசுவை அதட்டிக்கொண்டே கந்தம்மாள் அதன் மடியை வெந்நீரால் கழுவுகிறாள். கோடைக்கானல் குளிரில் அவள் காலுக்குச் செருப்புக்கூடக் கிடையாது. வெந்நீர் மாட்டுக்கு மட்டும்தான்.

பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையில் பிறந்தவள். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பதினேழு வருஷமாகப் பால் ஊற்றுகிறாள். இருமலா, பால். இளைப்பா, பால். பரீட்சையில் தோற்ற பையனுக்கும் கூடுதலாக ஓர் ஆழாக்குதான் சிபாரிசு. மாவுப்பால் டின்னைக் கண்டால் ஆகாது. "டப்பாப் பாலு குடிச்ச புள்ள டப்பா மாதிரிதான் சத்தம் போடும்" என்பாள். அவள் குடிப்பதென்னவோ கடுங்காப்பி.

ஊருக்கு ஊற்றும் பாலில் தண்ணீர் உண்டு. அதை மறுக்கவும் மாட்டாள். "மழ பெய்யுற ஊருங்க, கொஞ்சம் விழத்தான செய்யும்?" ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒற்றைப் பசுவின் பால், அதுவும் ஒரு சொட்டுக் கலப்பில்லாமல். இதில் அவள் நாணயம் தவறியதே இல்லை. வினையும் அங்கேதான் வந்தது.

பக்கத்து வீட்டு ஆசிரியை லீலா டைபாய்டில் விழுந்து எழுந்தபோது தாய்ப்பால் வற்றிவிட்டது. நாலு மாதக் குழந்தைக்குச் செவலையின் பால் தொடங்கியது. ஒரே வாரத்தில் வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, பேதியில் இரத்தக் கோடு.

"கந்தம்மா, நெசத்தைச் சொல்லு. தண்ணி கலந்தியா?"

"கைப்புள்ள பால்லயா? எங் கண்ணு அவிஞ்சு போகும், டீச்சரம்மா!"

மறுநாள் முதல் வெள்ளனே செவலையையே வாசலுக்கு ஓட்டிவந்து, லீலாவின் பாத்திரத்தில், லீலாவின் கண்ணெதிரே கறந்தாள். லீலா பாதித் தண்ணீர் விட்டுக் காய்ச்சும் வழக்கத்தையும், சத்துப் போய்விடும் என்று நிறுத்த வைத்தாள். பால் கெட்டியாக ஆக, குழந்தை இளைத்தது. பதினேழு வருஷத்தில் அவள் தண்ணீர் கலந்திருந்தால் தேவலை என்றிருந்தது அந்த நாட்களில்தான்.

ஆஸ்பத்திரி டாக்டர், பாலில் குற்றமில்லை, அதிலுள்ள புரதம்தான் இந்தக் குழந்தைக்கு ஒவ்வவில்லை, உடனே நிறுத்துங்கள் என்றார். லீலா வந்து சொன்னதும் கந்தம்மாள் கொதித்தாள்.

"புரதமா? எம் மாட்டுல அந்தச் சோலியெல்லாம் கெடையாதுங்க. வேணுமின்னா அவரே வந்து பாக்கட்டும்!"

லீலா அழுதுவிட்டாள். "நிறுத்திட்டா பிள்ளை எப்படி பொழைக்கும்? நீதானே பாலு பாலுன்னு சொன்னே?"

கந்தம்மாள் லீலாவின் தோளில் கிடந்த குழந்தையின் அருகே போனாள். பால் வழிந்த இடமெல்லாம் குழந்தையின் மோவாய் சிவந்து தடித்திருந்ததைக் குனிந்து பார்த்தாள். பிறகு வரிசை முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்: "எம் பாலுதான் இந்தப் புள்ளைக்கு ஆவல. டாக்டரு சொல்றதக் கேளுங்க, தாயி."

அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வீடுகள் வேறு பால்காரரிடம் போய்விட்டன. அவள் டாக்டர் அனுமதித்த கேப்பையைப் பேத்துப்பாறையிலிருந்து கொண்டுவந்தாள். ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, கஞ்சி காய்ச்சும் பக்குவத்தை லீலாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். தடிப்பு அடங்கியது. இரண்டு மாதத்தில் கன்னமும் பழையபடி உப்பிவிட்டது.

நேற்றுக் காலை லீலாவின் இடுப்பிலிருந்த குழந்தை, தெருவில் போன கந்தம்மாளைப் பார்த்துக் கைநீட்டித் தாவியது. அவள் இரண்டடி பின்வாங்கினாள். பால் தூக்கை வேலிக்கு வெளியிலேயே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். திருப்தியில்லை. மறுபடியும் சோப்பை எடுத்தாள்.