துணியின் மேல் பழி

"இத வாங்கப் போறீங்களா, இல்ல தின்னப் போறீங்களா?" என்று துணிக்கடை லோர்னா கேட்கும்போது, மெத்தை உறைத் துணியின் ஒரு மூலை வென்டல் பிரேட்டரின் வாய்க்குள் இருக்கிறது. எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கிறாராம். பிறகு சட்டைப் பையிலிருந்து தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து, ஈர மூலையைக் கவ்விப் பிடித்து, திருகின் கோடுகளை நகத்தால் எண்ணி, உதட்டைப் பிதுக்குகிறார். "பதினேழு. எனக்குப் பதினெட்டு வேணும்மா." அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு குறைச்சல்! லோர்னா அந்த மூலையைக் கத்தரித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறாள். இந்த மாதத்தில் இது ஆறாவது மூலை.

வென்டலுக்கு வயது அறுபத்தாறு. நான் பேருந்து ஓட்டும் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிறார். ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பயற்றையும் சோள ரொட்டியையும் நடந்துகொண்டேதான் தின்பார். போன ஈஸ்டரன்று சபையே தலைகுனிந்து ஜெபிக்க, இவர் முன்பெஞ்சின் மெத்தை உறையை நிமிண்டித் தடிமன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜெனீவா என்னிடம் சொல்வாள்: "எந்தத் தலகாணி உறைய எடுத்தாலும் வட்ட வட்டமா ஓட்டை. எலிகூட இவ்வளவு ஒழுங்கா கடிக்காது ரோவீனா."

எங்கள் கென்டக்கி மலைத் துப்பாக்கிச் சங்கத்தில் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மட்டும்தான் இடம். முதலில் கருமருந்து. அதன்மேல் நனைத்த துணி வில்லை, அதில் பொதிந்த ஈயக் குண்டு. கோலால் அடிவரை இறக்க வேண்டும். குழலுக்குள் ஓடும் முறுக்குக் காடிகளைத் தொடுவது குண்டல்ல, துணிதான். துணி மெலிந்தால் நெருப்பு அதைப் பொசுக்கிவிடும், குண்டு மனம்போன போக்கில் போகும். தடித்தால் குண்டு உள்ளேயே இறங்காது. சுட்டதும் வில்லை பத்துப் பதினைந்து தப்படி தள்ளிப் புல்லில் விழும். அதைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம்.

சொல்வதில் வென்டலை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை என் பொசுங்கிய வில்லையை முகர்ந்துபார்த்து, "கஞ்சி போக அலசல நீ" என்றார். சத்தியமாக அலசவில்லை.

பதினெட்டு வருஷமாக அவர்தான் எங்கள் அணித்தலைவர். அக்டோபரில் பக்கத்து மாவட்டத்தோடு போட்டி. ஐந்து பேரின் பட்டியலை எழுதுவதும் அவரே, முதல் வரியில் அவர் பெயர். நான் ஆறாவது ஆள். எனக்கு ஆசை இல்லை என்றால் அது பச்சைப் பொய்.

வசந்தத்திலிருந்து அவர் குண்டுகள் சிதறுகின்றன. பதினொரு துணி மாற்றிவிட்டார். எச்சிலை விட்டு எண்ணெய், எண்ணெயை விட்டு மாட்டுக் கொழுப்பு. "கண் டாக்டர்கிட்ட வாங்கன்னா, 'என் கண்ணுக்கு என்னடி கேடு, உன் துணிதான் சரியில்ல'ங்கறாரு" என்று ஜெனீவா அழாத குறையாகச் சொன்னாள்.

துணிக்கடைக்குப் போன அதே வாரம், சனிக்கிழமை மாலைக்குள் பட்டியல் போயாக வேண்டியிருந்தது. அன்று காலை ஐந்து குண்டு சுட்டார். இரண்டு குண்டு குறி அட்டையிலேயே படவில்லை. எல்லோரும் சுடுவதை நிறுத்தியதும் புல்லுக்கு ஓடி, ஐந்து வில்லைகளையும் பொறுக்கி வந்தார். ஒவ்வொன்றிலும் நடுவில் கறுப்பு வட்டம், ஓரம் பஞ்சாகப் பிரிந்திருந்தது. ஒரு பொத்தல் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி சுத்தமா இருக்கே அண்ணே" என்றேன்.

"அப்ப குழல்வாய் தேஞ்சு போச்சு."

"போன மாசந்தானே சீர் பண்ணிட்டு வந்தீங்க?"

"வாயாடாத. நீ சுடு. என் துப்பாக்கி, என் மருந்து, என் துணி. நீயும் கோட்ட விட்டா குழல்தான் கோளாறு."

நான் கோட்டை விட வேண்டும் என்று அவர் முகமே கெஞ்சியது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். வேண்டுமென்றே தள்ளிச் சுட்டுவிடலாமா? சுட்டால் புதுக் குழல் வாங்குவார், இன்னும் பதினொரு துணி மெல்லுவார், அக்டோபரில் ஊர் பார்க்கத் தோற்பார். பாவி மனுஷன்! மூச்சை அடக்கி நேராகவே சுட்டேன். ஐந்தும்.

சுடுவதை நிறுத்தச் சொல்லும் கொடி ஏறியதும் இருவரும் அட்டைக்கு நடந்தோம். ஒரு கை தூரத்தில் நின்றார்.

"எத்தன பட்டுது?"

"அஞ்சும்."

"எங்க?"

விரலால் காட்டினேன். ஐந்தும் நடுவில் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து கிடந்தன, அவர் மூக்குக்கு நேராக. கையை நீட்டித் தாளைத் தடவினார். விரல் கிழிசலில் தட்டுப்பட்டது. சுற்றிலும் ஓரம் ஓரமாகத் தடவி, வாய்க்குள் எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

பிறகு பையிலிருந்து பட்டியலை எடுத்து அட்டை மாட்டிய பலகையின் மேலேயே விரித்து, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"மொத வரிய அடிச்சிட்டு உன் பேர எழுது ரோவீனா."

"நீங்களே எழுதுங்கண்ணே."

"எனக்கு வரி தெரியலம்மா."

மலைக்காற்றில் தாள் படபடத்தது. நான் அடித்து எழுதி முடிக்கும்வரை, அதன் இரண்டு ஓரங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.