மெயினை இறக்கிய கை

சனிக்கிழமை காலை பதினொன்று இருபது. என் கணவருக்குக் கிடைக்கவிருந்த புது வேலையை நான்தான் கெடுத்தேன். இந்தக் கையால், மீட்டர் பெட்டியின் மெயினை இறக்கி... மின்தடை அல்ல. நான்! இன்றுவரை மகளுக்குக்கூடத் தெரியாது.

முகம் சுளிக்கிறாயா? சுளி. உன் மன்னிப்பைக் கேட்டு இதை எழுதவில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கர். திடீரென்று புரோகிராமிங் படிக்கிறேன் என்று லேப்டாப்போடு உட்கார்ந்தார். ஒன்றரை வருடம்! பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு மூலையில், அப்பன் ஒரு மூலையில். "தலைக்கு டை அடிச்சிட்டுப் போங்க, காலேஜ்ல சேத்துக்கிடுவாவ" என்று குத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி வெறுத்தேன்...

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுக்கு அழைத்தது. "இது கிடைச்சா அடுத்த மாசமே ஆபீஸ்ல இருந்து நின்னுருவேன்" என்றார். மகள் கல்லூரிக்குப் போகிற வருடம்! நான் புதூர்க்காரி. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்த வீட்டில் வளர்ந்தவள். மறுபடியும் அப்படி ஒரு வீடா?

பயம்தான். பயம் மட்டும்தானா? அவர் ஜெயித்துவிட்டால் நான் செய்த கேலியெல்லாம் என் முகத்திலல்லவா வந்து விழும்... அதுவும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் அறைக்குள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். மெயினை இறக்கியதும் மோடம் அணைந்தது. நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வு முடிந்தது, அதுதான் விதி. சிறிது நேரம் கழித்து மெயினை ஏற்றினேன். சட்டையெல்லாம் வியர்வையோடு வெளியே வந்தார்.

"எல்லாம் போச்சுட்டி... கரண்ட்டு போயிட்டு."

"நேரங்காலம் தெரியாம நிறுத்துதானுவ" என்றேன். நாக்கு கூசவில்லை!

சாயங்காலம், இட்லி மாவு அரைத்து விற்கும் பக்கத்து வீட்டுச் செல்வி, மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். அவர் நடந்ததைச் சொல்லி மின்வாரியத்தைத் திட்டினார். அவள் விழித்தாள்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் எங்க கிரைண்டர் நிக்கவே இல்லியே!"

அவர் மீட்டர் பெட்டியை ஏறிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்ல மட்டுந்தாம்மா போச்சு. நிறுத்துறதுக்குன்னே இங்கன ஆள் இருக்கு."