கண்ணாமூச்சிக் கல்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். தை பிறந்து, பெங்களூரில் குளிர் இன்னும் விடாத நாட்கள். நாங்கள் அப்போது ஹெப்பகோடியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்குப் பக்கத்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க லென்ஸை வைத்துக்கொண்டு குறை கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் பிள்ளைகளிடம் அதைத்தானே செய்கிறாய் என்று என் கணவர் அலுத்துக்கொள்வார்.

மாடியில் இருந்த அக்காவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். ஒருநாள் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிக் கொட்டிய மண்ணில், பூந்தொட்டிக்குப் போட வெள்ளைக் கல் பொறுக்கப் போனார். திரும்பி வரும்போது கையில் விரல் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு கல். ஆறு பட்டை, ஒரு முனை கூர். படிகக் கல் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"உள்ள பாரு கண்ணு, தண்ணி இருக்குது" என்றார்.

லென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். கல்லுக்குள்ளே சிறு குழி, அதில் ஏதோ திரவம், அதன் மேல் மிளகு அளவில் ஒரு குமிழி. சாய்த்தால் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் ஓடுவதுபோல அந்தப் பக்கம் ஓடியது. நான் உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழி சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போய்விட்டது. பதறிப்போய்க் கல்லைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பொடிப் பொடியாய் ஏதோ கிளம்பி, ஒன்று சேர்ந்து, மறுபடி அதே குமிழி!

அக்கா குழந்தை மாதிரிச் சிரித்தார். "எடுத்தா ஒளிஞ்சிக்குது, வெச்சா வருது. கண்ணாமூச்சி ஆடுது பாரு."

அன்றிலிருந்து அது கண்ணாமூச்சிக் கல். எனக்கு அது வேடிக்கை. அக்காவுக்கு அப்படி இல்லை. குடும்பத்துச் சாமி விக்கிரகமெல்லாம் ஊரில் மூத்தவர் வீட்டோடு இருந்துவிட, இங்கே அக்காவின் பூஜை அலமாரியில் காலண்டர் படங்கள் மட்டும்தான். "இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல, எனக்குன்னு இந்த மண்ணுல இருந்து வந்தது இது ஒண்ணுதான்" என்றார். தை முதல் வெள்ளிக்கிழமை அதைப் பித்தளைத் தட்டில் வைத்துப் பூஜை செய்வதென்று முடிவும் செய்துவிட்டார்.

என் அரிப்பு வேறு. உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே அரைநாள் லீவு போட்டு, குமிழி மறைந்து வருவதை மொபைலில் எடுத்துக்கொண்டு, நகரத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்குப் போனேன். கல்லைத் தருவீர்களா என்று அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. அங்கிருந்த பேராசிரியை அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இது தண்ணி இல்லம்மா. சோடாவுல இருக்கற கேஸ்தான், பூமிக்குள்ள அழுத்தத்துல திரவமாகி மாட்டிக்கிட்டிருக்கு. கைச்சூட்டுக்கே குமிழி மறையறது அதனாலதான். இவ்வளவு பெரிசா நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்கோங்க, ஹீட் பக்கமே கொண்டு போகாதீங்க. பிரெஷர் ஏறினா கல்லே வெடிச்சிடும்."

எனக்கு உடனே கற்பூரம்தான் கண்முன் வந்தது. அக்கா தீபாராதனை காட்டும்போது தட்டை ஒட்டித்தான் சுற்றுவார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. பூஜை வேளையில் போனை உள் அறையில் போட்டுவிடுவது அவர் வழக்கம். பஸ் சில்க் போர்டு சிக்னலில் போய் நின்றது, நின்றதுதான். இறங்கி ஓடலாமா என்றுகூட யோசித்தேன், அத்தனை தூரத்தையும்.

வீட்டுக்குள் நுழையும்போதே சாம்பிராணி வாசனை. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மாடிக்கு ஓடினேன். அக்கா கற்பூரம் ஏற்றி, கல்லுக்கு மிக அருகில் சுற்ற ஆரம்பித்திருந்தார். கூப்பிட்டுச் சொல்லவெல்லாம் தோன்றவில்லை. குறுக்கே கையை நீட்டிக் கல்லை எடுத்துவிட்டேன். மணிக்கட்டில் சுரீரென்று சுட்டது.

தீபாராதனைக்கு நடுவில் சாமியைத் தூக்குவதா? அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கற்பூரம் ஆரத்தித் தட்டிலேயே எரிந்து அணைந்தது. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் கல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குமிழி இல்லை.

சில்லென்றிருந்த தரையில் அதை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். கற்பூரச் சூடா, என் கைச்சூடா, இல்லை எங்கேயாவது விரிசல் விட்டு எல்லாம் போய்விட்டதா, எதுவும் தெரியவில்லை. அக்காவின் உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் வேண்டிக்கொள்ளத் தோன்றியது. எந்தச் சாமியை என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் பொடிப் பொடியாய் உள்ளே ஏதோ கிளம்பியது. குமிழி வந்துவிட்டது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் கையை இழுத்து, சுட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை.

அதற்குப் பிறகு கல் அலமாரியில் இல்லை, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெயில் ஏற ஆரம்பித்த ஒரு நாள் அக்காவே கீழே வந்தார்.

"அந்த மேடம்கிட்டயே குடுத்துடலாம் கண்ணு."

"உங்க சாமியாச்சே அக்கா, எதுக்கு? வெளக்குப் பக்கம் வெக்காம இருந்தாப் போதுமே" என்றேன்.

"எனக்குக் கும்பிடத்தான் தெரியும். என்னிக்காவது மனசு பொங்கறப்போ, நெனப்பில்லாம கற்பூரத்தைக் காட்டிப்புடுவேன்."

ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பேராசிரியை அதைக் குளிர்ந்த அறையில், விளக்குச் சூடு படாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். "இது குவார்ட்ஸ்தான். ஆனா இந்த மாதிரி வகைக்குன்னு தனியா பேர் இல்ல. நீங்க எப்படிக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். பேராசிரியை அப்படியே தமிழிலும் கன்னடத்திலும் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினார். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்குக் கல்லைக் காப்பாற்றியது நான்தான் என்று பல நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் பிள்ளைகளைப் போட்டு இறுக்கிப் பிடிக்கத் தோன்றும்போதெல்லாம், தன் அன்பே கல்லைச் சுட்டுவிடும் என்று பயந்து, தன் ஒரே சாமியைத் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அக்காதான் இப்போது நினைவுக்கு வருகிறார்.