ஒப்பீட்டுக் குழு போர்த்திய பொன்னாடை

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர்களை நிரந்தரமாக்கும் முன் மதிப்பெண் போடுவார்கள். ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு இவ்வளவு, மாநாட்டில் வாசித்ததற்கு இவ்வளவு, புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால் இவ்வளவு. ஆராய்ச்சியால் யாருக்காவது உடம்பு தேவலையானால் எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். அதற்குக் கட்டமே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் படித்த பொதுச் சுகாதாரத்தை அம்மா தெருவில், "டாக்டர் மாதிரிதான், ஆனா ஊசி போட மாட்டான்" என்று விளக்கி வைத்திருக்கிறார். நிரந்தரம் ஆகவில்லை என்றால் கல்வியாண்டோடு வேலை போய்விடும். அப்புறம் அம்மா புதிதாக வேறு விளக்கம் யோசிக்க வேண்டும்.

என் ஆராய்ச்சி தொடங்கியது அப்பாவிடம். அப்பா தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன கோடையில் நீர்க்கடுப்பு வந்து சுருண்டு கிடந்தார். ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா எங்க போறது? வண்டில பொம்பளப் புள்ளைங்க காலேஜுக்குப் போவுது. நடுவுல நிறுத்தி செவுத்தாண்ட நிக்கச் சொல்றியா?"

ஸ்டாண்டில் விசாரித்தேன். எல்லோரும் இதே கணக்கில்தான் வறண்டு கிடந்தார்கள். அதனால் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஏறி இறங்கினேன். பெட்ரோல் பங்க், சர்ச் காம்பவுண்டு, கல்யாண மண்டபம் என்று ஒவ்வோர் இடமாகப் பேசி, டிரைவர்கள் கழிப்பறைக்கு வந்துபோக அனுமதி வாங்கினேன். அந்த இடங்களை ஸ்டிக்கராக அச்சடித்து ஹேண்டில்பாருக்கு மேலே ஒட்டினோம். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். ஆராய்ச்சி அவ்வளவுதான்.

ஆனால் ஆய்விதழுக்கு அது போதாது. ஸ்டிக்கர் இல்லாத ஒரு குழுவும் வேண்டும்; இரண்டையும் ஒப்பிட்டால்தான் மாற்றம் ஸ்டிக்கரால் வந்ததா என்று தெரியும். அதே ரோட்டில் தள்ளியிருக்கும் கூடுவாஞ்சேரி ஸ்டாண்டை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொண்டேன். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் ஸ்டிக்கர் கொடுப்பதாகத் திட்டம். அதுவரை அங்கே யாரும் மூச்சு விடக் கூடாது என்று தாம்பரம் ஸ்டாண்டில் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

ஆயுத பூஜையன்று கூடுவாஞ்சேரி ஸ்டாண்டில் கூப்பிட்டார்கள் என்று போனேன். ஆட்டோக்களெல்லாம் வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக நின்றன. நடுவில் ஒரு ஃபிளெக்ஸ். அதில் என் ஸ்டிக்கர், ஆள் உயரத்துக்கு! இடங்கள் மட்டும் வேறு. மனை விற்கும் ஆபீஸ், மர டிப்போ, ஒரு டியூஷன் சென்டர் என்று தங்கள் ஏரியாவில் தாங்களே பேசி முடித்திருந்தார்கள். மூலையில் கை கட்டியபடி என் போட்டோ.

"சாருக்கு ஒரு பொன்னாடை போடுங்கப்பா!" என்றார் ஸ்டாண்ட் தலைவர்.

போர்த்தினார்கள். பொரியும் சுண்டலும் கையில் திணித்தார்கள். பாழாய்ப்போன என் ஒப்பீட்டுக் குழு கைதட்டுகிறது. நான் சிரித்தபடி போட்டோவுக்கு நிற்கிறேன்.

"இத யாருண்ணா உங்களுக்குச் சொன்னது?"

"வேற யாரு, உங்கப்பாதான். சாமி மாதிரி மனுஷன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஏன்டா, ஒண்ணுக்குப் போற எடத்தப் போயி எவனாச்சும் ரகசியமா வெச்சிப்பானா? அவன் வயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறான், நான் தெரிஞ்சிக்கினே கம்முனு கீறதா?"

இருந்ததை வைத்துக் கட்டுரையை எழுதி முடித்தேன். கட்டுரையை அனுப்பிய இரண்டு ஆய்விதழ்களும் ஒரே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பின: ஒப்பீட்டுக் குழு கலப்படமாகிவிட்டது.

அப்படித்தான் கட்டுரை எதுவும் கையில் இல்லாமல் நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே எங்கள் டீன், இரண்டு பேராசிரியர்கள், வெளியூரிலிருந்து நிபுணராக வந்த ஓர் அம்மையார். டீன் மதிப்பெண் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பப்ளிகேஷன்ல ஒண்ணுமே இல்லையேப்பா. இத்தனை நாள் என்ன பண்ணே?"

கலப்படக் கதையைச் சொன்னேன், அப்பா பெயரை இழுக்காமல். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரி கேட்டது.

அந்த அம்மையார் மட்டும் பேனாவை மூடி வைத்தார். "ஒரு நிமிஷம். அந்த ஸ்டாண்டுக்கு நீங்க எதுவுமே குடுக்கலையா?"

"இல்ல மேடம்."

"அவங்களாவே எடுத்துக்கிட்டாங்களா? ஆதாரம் இருக்கா?"

கைபேசியில் இருந்த படத்தை நீட்டினேன். ஃபிளெக்ஸுக்கு முன்னால் பொன்னாடையோடு நான், சுற்றிலும் காக்கிச் சட்டைகள்.

"யாரு இவங்கள்லாம்?"

"என் கம்பேரிசன் குரூப், மேடம்."

முதலில் சிரித்தது டீன்தான். கைபேசி ஒரு சுற்று வந்தது. ஒரு பேராசிரியர் விரலால் படத்தைப் பெரிதாக்கி, "மர டிப்போலகூட விடறானா?" என்று வியந்தார். அவருக்கு அந்தப் பக்கம்தான் வீடாம்.

அம்மையார் சொன்னார்: "நாம பக்கம் பக்கமா கைட்லைன் எழுதறோம், ஒருத்தர் ஃபாலோ பண்றதில்ல. இவருதைத் திருடிட்டுப் போயிருக்காங்க சார். இதுக்கு மார்க் இல்லாம எதுக்கு மார்க்?"

"போடலாம் மேடம். எந்தக் கட்டத்துல போடறது?"

என் நேர்காணலைவிட அந்த விவாதம்தான் நீண்டது. கடைசியில் டீன் தாளின் அடியில் ஸ்கேல் வைத்துக் கையால் ஒரு புதுக் கட்டம் போட்டார். நிரந்தரம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. அந்த ஸ்டிக்கர் எப்படிப் பரவியது என்பதையே அடுத்த கட்டுரையாக எழுத வேண்டும்.

மாலை ஸ்டாண்டுக்கே போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு அப்பாதான் போன் போட்டார். "பர்மனென்ட் ஆயிட்டான்டி! ஆமா, இன்னும் ஊசி கெடயாது" என்று ரோடே கேட்கச் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எதுனாலடா குடுத்தாங்க?"

"நீ போயி சொன்னதாலதான்ப்பா."

அவர் ஆச்சரியப்படவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார்.

"செரி, அடுத்து இன்னா ஆராய்ச்சி? யாராண்ட சொல்லக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடு. நாளைக்கி சிங்கபெருமாள் கோயில் ஸ்டாண்டு வரைக்கும் சவாரி கீது."