மீன்பெட்டி மூடியின் வெளிச்சம்

தலைக்கு மேல் குடைபோல் பிடித்திருந்த தெர்மாக்கோல் மூடி, காற்று வரும்போதெல்லாம் விரல்களில் உரசி ‘கீச் கீச்’ என்று கத்திக்கொண்டே வந்தது. ஐஸ் தண்ணீரும் மீன் கவிச்சியும் கலந்த வாசனை அதிலிருந்து இறங்கி என் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எர்ணாவூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த பஞ்சர் கடையை விட்டு வெகுதூரம் வந்திருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார், ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு இப்படி விட்டு வந்த வேலைகள் சில உண்டு. அதனால் புதிதாக வருத்தப்பட எதுவும் இல்லை. சட்டைப் பையில், காய ஆரம்பித்துவிட்டது என்று அவரே தூக்கிப் போட்ட ரப்பர் சொல்யூஷன் டப்பா ஒன்று இருந்தது. மூடி, மீன் ஏற்றிப்போன ஏதோ வண்டியிலிருந்து விழுந்து சாலையோரம் கிடந்தது. கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்த நெடுஞ்சாலையின் ஓரமாக, காலடிப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள் தொடங்கும் இடத்தில் ரஃபி உட்கார்ந்திருந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். ராயபுரத்தில் அவன் மாமாவுக்கு பிரியாணி வண்டி இருந்தது. அங்கே அண்டா கழுவுவதை விட்டுவிட்டு, யாரோ விற்ற பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் படம் பிடித்துத் திரிந்தான். நான் மூடியைத் தலையிலிருந்து இறக்கி வயிற்றோடு சாய்த்துப் பிடித்தபடி அவனிடம் போனேன்.

“டேய், அப்பிடியே நில்லு. ஆடாத.”

“இன்னா மாமு?”

“உன் மூஞ்சி பளிச்சுனு கீதுடா. மூடிய கீய எறக்கு... இப்ப பாரு, கரிச்சட்டி. மேல தூக்கு... இப்ப மனுசன்.”

அவனுக்கு நெடுநாளாக இருந்த ஒரு தொல்லைக்கு அப்படித்தான் மருந்து கிடைத்தது. எங்கள் பக்கத்தில் படம் எடுக்க வருகிற எல்லோருக்கும் பின்னால் கடல் தெரிய வேண்டும். பிறந்தநாள் பேனருக்குக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரும் பையன்களும் சரி, மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வரும் பெண்களும் சரி, கடல் இல்லாத படத்தைப் படமாகவே மதிக்க மாட்டார்கள். எங்கள் கடலோ கிழக்கே இருக்கிறது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியனும் முதுகுப் பக்கம் போய்விடும், முகம் இருண்டுவிடும். மாலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எல்லோரும் எலுமிச்சம்பழம் கடித்ததுபோல் முகத்தைச் சுளிப்பார்கள். வெள்ளை மூடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்தால், முதுகுக்குப் பின்னால் வீணாகப் போகும் காலை வெயிலை முகத்துக்குத் திருப்பிவிடலாம் என்பது அன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் முதல் நான் மூடி பிடிக்கிறவன் ஆனேன். வெள்ளைத் தெர்மாக்கோல் தரும் வெளிச்சம் போதவில்லை என்று, பிரியாணிப் பொட்டலம் கட்டும் சில்வர் தாளை ரஃபி மாமாவின் வண்டியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தான். ஒட்டுவது என் பொறுப்பு. பஞ்சர் ஒட்டியவனுக்குத் தெரிந்த பசை ஒன்றுதான். டப்பாவைத் திறந்து மூடி முழுவதும் சொல்யூஷனைத் தாராளமாகத் தடவினேன். தடவிய இடமெல்லாம் தெர்மாக்கோல் ‘சுர்ர்’ என்று உருகிக் குழி விழ ஆரம்பித்தது. பயந்துபோய் அவசரமாகச் சில்வர் தாளை மேலே போட்டு அழுத்தினேன். தாள் அத்தனை குழிகளுக்குள்ளும் இறங்கிக் கசங்கிப்போய் ஒட்டிக்கொண்டது.

ரஃபி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இன்னாடா இது, உங்க நைனா மூஞ்சி மாதிரி கீது?”

அவன் சொன்னது பொய்யில்லை.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மணலியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது, குழாய் ஒன்று பிளந்து, அதிலிருந்து பீய்ச்சிய ஆசிட் அவருடைய இடது கன்னத்திலும் காதிலும் கழுத்திலும் பட்டுவிட்டது. ஆறிய பிறகு அந்தப் பக்கம் தோல் சுருங்கி, குழிகுழியாக, மினுமினுப்பாக ஆனது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் பஸ்ஸில் இடது ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவார். டீக்கடையில் இடது பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்துத்தான் கிளாசை வாங்குவார். அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்திலும் இல்லை.

கசங்கிய சில்வர் தாள்தான் கடைசியில் நல்லதாகப் போயிற்று. வழவழப்பான தாள் வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பிக் கண்ணைக் குத்தும். குழி விழுந்த தாள் அதை உடைத்து, பொடியாக்கி, முகம் முழுக்கத் தூவிவிட்டது. யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. தூரம் போனால் வெளிச்சம் குறையும், கிட்டே வந்தால் கூடும், ரொம்பக் கீழே இருந்து பிடித்தால் பேய்ப் படத்தில் வருகிறவர்கள்போல் மோவாய் மட்டும் எரியும், நெஞ்சுயரத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து ஆளுக்கு உயிர் வந்துவிடும் என்பதெல்லாம் கை வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டவை. பலமான காற்றடித்தால் மூடி என்னையும் இழுத்துக்கொண்டு கற்களில் இறங்கும். முழங்காலில் அப்போது பட்ட தழும்புகள் இன்னும் இருக்கின்றன. காத்திவாக்கத்திலிருந்து நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், எங்களைத் தாண்டும்போதெல்லாம் நின்று, “சூரியன் மேலயே கீது, அதுக்கு ஒருத்தன் வெளிச்சம் காட்டிக்கினு கீறான் பாரு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த ஆவணியில் என் அக்கா சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகை அடிக்காமல்கூட இருந்துவிடலாம், தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டாமல் இருக்க முடியாது. மணமக்கள் நடுவில், தாய் தந்தையர் மேலே இரண்டு மூலைகளில், மாமன் மச்சான், நண்பர்கள் எல்லாரும் கீழே வரிசையாகக் கைகூப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். அவருக்கு நெற்றியில் பெரிய பொட்டுடன் ஒரு படம் இருந்தது. நைனாவுக்கு இல்லை. ரேஷன் கார்டில் இருந்த பழைய படத்தைப் பெரிதாக்கினால் முகம் வெறும் கறுப்பு மேகம்தான்.

“அம்மா படத்த மட்டும் போட்டா, நைனா இல்லாத பொண்ணுனு நெனப்பாங்க,” என்றாள் அக்கா.

“நெனச்சிக்கட்டும். கல்யாண வூட்டு வாசல்ல இந்த மூஞ்சியப் பாத்தா கொயந்திங்க அலறும்.”

“கொயந்திங்களுக்கா கல்யாணம்? எனுக்கு.”

“சும்மா பேஜாரு பண்ணாத சுமதி.”

“நீ இல்லாத பேனரு எனுக்கு வாணாம். பேனரே வாணாம். அவங்க வூட்ல கேட்டா, எங்க நைனாக்கு வெக்கம்னு சொல்லிடறேன்.”

பேனர் இல்லாத கல்யாணம் என்பது தெருவுக்குள் தலைகுனிந்து நடப்பது மாதிரி. அது நைனாவுக்கும் தெரியும். இரண்டு நாள் நைனா விடியுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் விடிந்ததும் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “எங்க அவன், அந்த பாய் பையன்? வரச்சொல்லு” என்றார்.

நானும் ரஃபியும் முதல் நாளே பேசி வைத்திருந்தோம், நைனா எப்போது ஒத்துக்கொண்டாலும் எப்படி நிற்க வைப்பது என்று. கடலை முதுகில் வைக்காமல் அவரை எண்ணூர்ப் பக்கம் பார்த்து நிறுத்தினால், வெயில் வலது கன்னத்தில் மட்டும் விழும், இடது கன்னம் நிழலுக்குள் போய்விடும். நிழலை நிழலாகவே விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதாவது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மூடியைத் தூக்காமல் இருக்க வேண்டும். வேலை செய்யாமல் இருப்பதே வேலை என்பதால் எனக்கு அது சுலபமாகப் பட்டது.

கற்களின் மேல் நைனா நின்றார். ரஃபி தோளைத் தொட்டுத் திருப்பினான். பின்னால் தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. நான் மூடியைச் சில்வர் பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து, முழங்காலோடு ஒட்டி வைத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்ட கைக்குழந்தையும் தாயும் இன்னும் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்களுக்கு நான் மூடியைத் தூக்கிப் பிடித்ததை நைனா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ரஃபி இரண்டு படம் தட்டினான். மூன்றாவது முறை கேமராவைத் தூக்கும்போது நைனா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னாடா அது, கீய வச்சிக்கினு கீற?”

“மூடி நைனா.”

“மூடின்னு தெரிது. அந்தக் கொயந்திக்கு தூக்கிப் புட்ச்ச. எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு கவுத்து வச்சிக்கினு கீற?”

நான் ரஃபியைப் பார்த்தேன். ரஃபி கேமராவைப் பார்த்தான். பிறகு, “மாமா, மூடிய தூக்குனா அந்தப் பக்கம் வெளிச்சம் வுழும். தெரிஞ்சிடும்...” என்று இழுத்தான்.

“இன்னா தெரிஞ்சிடும்?”

ரஃபி சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தான்.

“அவங்க சம்மந்தி வூட்டுக்காரங்க என்னிய நேர்ல பாத்துக்கினுதான கீறாங்க. போட்டால ஒருத்தன், நேர்ல ஒருத்தனா? தூக்குடா.”

தூக்கினேன். குழி விழுந்த சில்வர் தாளிலிருந்து வெளிச்சம் எழும்பி, நிழலுக்குள் இருந்த கன்னத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பல வருடமாக ஒரே அறையில் படுத்த எனக்கு அந்தக் கன்னம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அன்றுதான். அவர் எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுப்பார். காற்றில் மூடி அசைந்தது, வெளிச்சமும் அவர் முகத்தில் அசைந்தது. “ஆட்டாதடா, கண்ணு கூசுது” என்றார். கண்ணுக்குள் அந்த வெள்ளைப் புள்ளி விழுந்ததும் ரஃபி தட்டினான்.

ஃப்ளெக்ஸ் கடைக்கு அக்காவும் நானும் போனோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் யாரும் கேட்காமலேயே நைனாவின் கன்னத்தைத் துடைத்து வழித்து வைத்திருந்தான். வலது கன்னத்தை எடுத்து இடது பக்கம் ஒட்டியதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நைனாவின் தம்பி மாதிரி யாரோ ஒருவர் திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

“யாரு இது?” என்றாள் அக்கா.

“உங்க அப்பாதான்க்கா. கிளீன் பண்ணிட்டேன்.”

“எங்க நைனா கலீஜா இருந்தாரா, நீ கிளீன் பண்றதுக்கு? இருந்த மூஞ்சியவே கொண்டா.”

“கல்யாண பேனர்க்கா. அப்புறம் எங்கள வந்து திட்டுவாங்க.”

“நாந்தான் பொண்ணு. நான்தான திட்டணும்? இப்ப திட்டவா?”

அவன் கம்ப்யூட்டரில் செய்ததை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே பின்னால் போனான். திரையில் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முழுவதும் வரும்வரை அக்கா அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.

பேனர் கட்டிய அன்று நைனா சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார். வலது மூலையில் அவர், இடது மூலையில் அம்மா. “காத கொஞ்சம் பெருசா போட்டுட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். எந்தக் குழந்தையும் அலறவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அவர் மூக்குக்கு நேராகப் பந்து அடித்துப் பழகினான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாறவில்லை. கடைசிவரை பஸ்ஸில் இடது ஜன்னல் ஓரம்தான் தேடினார்.

சில வருடங்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போது அந்தப் பக்கமே வந்து சேர்ந்திருக்கிறேன். நாங்கள் நின்ற கற்களில் பாதி கடலுக்குள் போய்விட்டன. மேலே புதிதாகக் கொட்டியிருக்கிறார்கள், கால் வைக்க இடமில்லை. ரஃபி வளைகுடாவில் எங்கோ கல்யாண மண்டபங்களுக்குப் படம் எடுப்பதாகக் கேள்வி. மடக்கினால் தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும் வட்டமான வெளிச்சத் தட்டுகளைப் பையன்கள் கொண்டு வருகிறார்கள். பலருக்கு அதுவும் வேண்டாம், கைபேசியே இருட்டை எடுத்துவிடுகிறது, கூடவே தழும்பையும் எடுத்துவிடுகிறது. திரும்பக் கொண்டு வரச் சொல்லி நாற்காலிக்குப் பின்னால் நிற்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் மூடி கல்யாணத்துக்கு முன்பே காற்றில் பறந்து கல்லில் மோதி இரண்டாகப் போய்விட்டது. நைனாவும் இல்லை.

பேனர் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. கல்யாணம் முடிந்த இரவே அதை அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பேனர்கள் மழைக்குக் கூரையாகப் போவது வழக்கம். எங்கள் கூரைக்கு அந்த வருடம் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் விடிந்ததும், மணலி சாலையில் நின்ற ஒரு ட்ரெய்லருக்கு கிளீனர் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் கிளம்பினேன். எங்கே போகிறது வண்டி என்று நைனா கேட்டார். தெரியாது என்றேன். பேனரை நாலாக மடித்து என் கையில் திணித்து, “மய வந்தா போத்திக்கோ” என்றார். கேபின் ஒழுகுகிறது என்று ட்ரைவர் அதைக் கூரைமேல் விரித்துக் கட்டச் சொன்னார்; படம் இருக்கும் பக்கத்தை வானத்தைப் பார்க்க வைத்து, நைனா இருந்த மூலை வெளியே தொங்கும்படி கட்டினேன். போகிற ஊரெல்லாம் அடித்த வெயிலில் முதலில் சிவப்பு போயிற்று, பிறகு மஞ்சள் போயிற்று, நைனாவின் இரண்டு கன்னமும் ஒரே வெளிர்நீலமாகி, கடைசியில் வெறும் வெள்ளைத் துணியானது. ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று காலை முடிச்சுப் போட்டுவிட்டுக் கீழே இறங்கியபோது அவர் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தார். ட்ரைவர் அண்ணாந்து பார்த்து, “யார்ரா அது?” என்றார். எங்க நைனா என்று சொல்லி, முன்சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையை எடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.